சும்மா இருந்த மெஷின்

ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்த ஊழியர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த டிரைவர் தலையை மட்டும் தூக்கி, பச்சை உடுப்பில் நின்ற மருமகளைத் தேடினார்.

“நீ உள்ள இருப்பல்ல?”

“இருப்பேன் மாமா.”

“அப்ப சரி. வண்டிய எடுக்கச் சொல்லு.”

கதவு திறந்து மூடிக்கொண்டது. நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். மருமகளின் கணவன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். “நீ உள்ள இருக்கேன்னுதான் நாங்க இங்க தைரியமா நிக்கிறோம்” என்றான்.

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். “நேரமாச்சு. நான் போகணும்.”

போன வாரம் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறந்துபோனவர்களுக்காக நாலு வரி.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அந்த வீட்டுப் பெரியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்துப் பார்த்தால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மூன்றில் அடைப்பு. பைபாஸ் ஆபரேஷனுக்கு மருமகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தார்கள். அங்கே அவள் வேலை ஹார்ட்-லங் மெஷினை இயக்குவது. இதயத்தை நிறுத்தி வைத்து டாக்டர்கள் தைக்கும்போது, உடம்பின் ரத்தம் முழுவதும் அவள் மெஷின் வழியாகத்தான் சுற்றிவரும். அந்த நேரத்தில் நோயாளியின் இதயமும் நுரையீரலும் அவள்தான்.

ஆனால் சர்ஜன் வேறு மாதிரி முடிவு செய்தார். டிரைவருக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. மெஷினோடு இணைக்க வேண்டுமானால் அந்தக் குழாயில் ஓட்டை போட வேண்டும், இடுக்கி போட வேண்டும். ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். “அதனால இதயத்த நிறுத்தாம, அது துடிக்கும்போதே தச்சிடலாம். மெஷினே வேணாம்” என்றார் சர்ஜன்.

டிரைவர் சிரித்தார். “அப்ப அன்னைக்கு எங்க மருமகளுக்கு லீவா டாக்டர்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவனும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களிடமும் அதே பேச்சுதான். “வண்டிய ஓட்டுறவன் டிரைவர். சீட்டு குடுக்குறவன் கண்டக்டர். பக்கத்துல சும்மா உக்காந்து வர்றவனுக்கு என்ன பேரு, சொல்லுங்க பாப்போம்.” மகனையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். “எம் பையன் மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருப்பான், ஒரு ஊரும் போய்ச் சேரமாட்டான்” என்பார். கணவனுக்கு அது பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல், ‘ஸ்விட்ச் போடுற வேலை’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள்.

ஆபரேஷன் அன்று உள்ளே இருக்க வேண்டியவர் உண்மையில் அவளோடு வேலை பார்க்கும் மூத்தவர். அவரிடம் போய், “என் மாமனார் சார், நானே இருக்கேனே” என்று கேட்டாள்.

“சொந்தக்காரங்கன்னா நாம ஒதுங்கிக்கிறதுதான் நல்லது.”

“மெஷின் ஓடப்போறதில்லையே சார். சும்மா உக்காரத்தானே போறேன்.”

அவர் தலையாட்டினார். சர்ஜனும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்களால முடியும்னா சரி” என்றார். வீட்டில் இதைக் கேட்டு நாத்தனார் உருகிப் போனாள். “பெத்த பொண்ணு நான் வெளிய உக்காந்திருப்பேன். அண்ணி உள்ள இருப்பாங்க. வேற என்ன வேணும்?”

அந்த இடத்தை ஏன் கேட்டு வாங்கினாள் என்று மருமகளுக்கே அன்று தெளிவாகத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் விரும்பவும் இல்லை.

*

உள்ளே டிரைவர் மயக்கத்தில் இருந்தார். முகத்தை மறைத்துத் துணி போட்டிருந்தார்கள். நெஞ்சு மட்டும் விளக்கின் கீழே திறந்திருந்தது.

இந்த மாதிரி ஆபரேஷனில் மெஷின் ஒரு காவலுக்கு நிற்கும். ஏதாவது தவறினால் உடனே கைகொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குழாய்களைக் கோத்து வைத்தால் போதும். திரவம் நிரப்புவது வழக்கமில்லை. தேவைப்பட்டால் அப்போது நிரப்பிக்கொள்வார்கள். அன்று அவள் முதலிலேயே நிரப்பினாள். குழாயைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டினாள். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள்.

தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டரம்மா இதைக் கவனித்தார். “என்னம்மா, இன்னைக்கு மெஷின் மணப்பொண்ணு மாதிரி ரெடியா இருக்கு?”

“எங்க மாமா இல்லையா டாக்டர்.”

முகக்கவசத்துக்குள் அவள் உதடு ஒட்டிக்கொண்டது.

முதல் அடைப்பு இதயத்தின் முன்பக்கம். சர்ஜன் லாடம் மாதிரி இருந்த சின்னப் பிடியை இதயத்தின் மேல் வைத்தார். தைக்க வேண்டிய அந்தத் துளி இடம் மட்டும் அசையாமல் நின்றது. சுற்றிலும் இதயம் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. தலைமயிரை விட மெல்லிய நூலால் சர்ஜன் தைத்தார். அவசரமே இல்லாத கை. இரண்டாவதும் சிக்கலில்லாமல் முடிந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்தான் நமக்கு நல்ல நாள் என்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். மனதாரத்தான் சொல்வாள். அன்று அந்த ஸ்டூல் குத்தியது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வர்றவனுக்கு என்ன பேரு?

மூன்றாவது அடைப்பு இதயத்தின் பின்பக்கம். அதைப் பார்க்க வேண்டுமானால் இதயத்தையே தூக்கி நிமிர்த்த வேண்டும். சர்ஜன் தூக்கினார். டிரைவரின் இதயம் கவிழ்த்த கிண்ணம் போல் நுனி மேலாக நின்றது. நின்றபடியே திணறியது.

திரையில் ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது.

“மேசையச் சாய்ங்க” என்றார் சர்ஜன். கால்பக்கம் உயர்ந்தது. டாக்டரம்மா மயக்க வாயுவைக் குறைத்தார், மருந்தைக் கூட்டினார். அழுத்தம் ஒரு கணம் நின்றது. மறுபடி இறங்கியது.

அவள் எழுந்துவிட்டாள். கை தானாகவே மெஷினின் குமிழுக்குப் போய்விட்டது. அப்போதுதான் அவளுக்குள் அது வந்தது.

அது பயம் இல்லை. பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது வேறு. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. இப்போது நான் வேண்டும். இப்போது என் மெஷின் வேண்டும். ஆபரேஷன் முடிந்து இந்த மனிதர் கண் விழிக்கும்போது எல்லோரும் அவரிடம் சொல்வார்கள், உங்கள் மருமகள் இல்லாவிட்டால் நீங்கள் இல்லை என்று.

“போயிடலாம் சார்” என்றாள்.

மெஷினுக்குப் போய்விடலாம் என்பதற்குத் தியேட்டரில் அதுதான் பேச்சு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் சர்ஜன். இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் தானாகச் சொன்னதில்லை.

“வேணாம்.” சர்ஜன் தலை நிமிரவில்லை.

அழுத்தம் இன்னும் இறங்கியது.

“போயிடலாம் சார். எல்லாம் ரெடி. போயிடலாம்.”

இந்த முறை அவர் நிமிர்ந்தார். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியின் மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல், தூக்கிய இதயத்தை மெதுவாக அதன் இடத்திலேயே இறக்கி வைத்தார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர் மாதிரி.

“பொறுங்க. அதுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் குடுப்போம்.”

இதயம் தடுமாறி, தட்டுத்தடுமாறி, பின் ஒரு ஒழுங்குக்கு வந்தது. அழுத்தம் மெல்ல ஏறியது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

அவளுடைய நெஞ்சுக்குள் இருந்த அந்தக் குளிர்ச்சி இறங்கியது. இறங்கியபோது அது விட்டுப்போன இடத்தில் ஏமாற்றம் இருந்தது. மாமனார் பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்த அந்த நொடியில் தனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை அவள் அறிந்தாள். அறிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. நல்லவேளை, முகத்தில் பாதிக்கு மேல் துணி மூடியிருந்தது.

சர்ஜன் கோணத்தை மாற்றி, இதயத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, மூன்றாவதையும் தைத்து முடித்தார். மெஷின் ஓடவே இல்லை. நிரப்பிய திரவத்தை அவள் தன் கையாலேயே வடித்துக் கொட்டினாள்.

*

கை கழுவும் இடத்தில் சர்ஜன் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கள நான் உள்ள விட்டிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்.”

“சார்…”

“பயந்துட்டீங்க. நம்ம வீட்டு ஆளுன்னா அப்படித்தான் ஆகும். எங்கப்பாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் நடந்தப்ப என்னால கிட்டகூட நிக்க முடியல.” குழாயை மூடினார். “அந்தப் பெரிய குழாய்ல கை வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஸ்கேன் பாத்தவங்கதானே நீங்க. பாசம் கண்ண மறச்சிடுச்சு. விடுங்க.”

பாசம் இல்லை சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நினைத்ததை அவள் அப்படியே நினைக்க விட்டுவிட்டாள். அவளுக்கு அது இன்னொரு அவமானம்.

வெளியே நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “அண்ணி, நீங்க நல்லா இருக்கணும்.” கழுத்தில் அவள் கண்ணீர் பட்டது. கணவன் டீ வாங்கி வந்து கொடுத்தான். ஆறிப்போகும் வரை அவள் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சாயங்காலம் டிரைவருக்கு நன்றாக முழிப்பு வந்துவிட்டது. தொண்டைக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். குரல் கரகரவென்று இருந்தது. அவள் உள்ளே போனபோது, அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் பேச வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தோ, வந்துட்டா பாருங்க. எம் மருமக. இவதான் என் ஹார்ட்ட ஓட்டினா.”

அவள் நின்றுவிட்டாள்.

“நாப்பது பேர ஏத்திக்கிட்டு நானும்தான் ஓட்டியிருக்கேன். பிரேக் போட்டா நிக்கும். இவ ஓட்டுறது உசுரு. கொஞ்சம் ஏமாந்தா போச்சு.” இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “இவ உள்ள இருக்கான்னுதான் நான் கண்ண மூடினேன். இல்லன்னா எந்திரிச்சு ஓடியிருப்பேன்.”

எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. கூடத்தில், உறவுக்காரர்கள் நடுவே, ஒரே ஒரு தடவை அவர் இப்படிச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கியவள்தான் அவள். வரக்கூடாத நாளில் வந்து நின்றது.

“இல்ல மாமா. மெஷின் ஓடவே இல்ல. உங்க ஹார்ட் தானாவே ஓடுச்சு.”

“சும்மா இரு. மெஷின் வேணாம்னவங்க உன்ன எதுக்கு உள்ள உக்கார வச்சாங்க? உனக்குத் தன்னடக்கம்.” பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, “இவ எப்பவும் இப்படித்தான், அதிகம் பேசமாட்டா” என்றார்.

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

*

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், ஆம்புலன்ஸ்கள் நிற்கும் இடத்தருகே ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. கணவன் அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்தான்.

“ஏன் இங்க வந்து உக்காந்திருக்க? அப்பா பேசினதக் கேட்டியா? இந்த ஆஸ்பத்திரி முழுக்க உன் புகழ்தான்.”

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். உள்ளே அழுத்தம் இறங்கியதைச் சொன்னாள். தான் எழுந்ததைச் சொன்னாள். “போயிடலாம் சார்னு சொன்னேன். ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்ப.”

“பயத்துல சொல்லியிருப்ப.”

“எல்லாரும் அதையே சொல்றாங்க.” அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், எதிரே நின்ற ஆம்புலன்ஸின் சக்கரத்தைப் பார்த்துப் பேசினாள். “எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. உங்கப்பா உசுரு ஊசலாடுறப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுங்க. இப்ப என்ன கூப்பிட்டுத்தானே ஆகணும்னு. அவரு தேறிட்டாருன்னதும் சப்புன்னு ஆயிடுச்சு.”

ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் வண்டிக் கதவைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

“நீ சொன்னதக் கேட்டு அவரு மெஷின்ல போட்டிருந்தா?”

“அந்தக் குழாய்ல கை வச்சிருக்கணும்.”

“வச்சிருந்தா?”

“ஒண்ணும் ஆகாமயும் போயிருக்கலாம். கை கால் விழுந்தும் போயிருக்கலாம்.”

“அது தெரிஞ்சேதான் சொன்னியா?”

அவள் வெகுநேரம் யோசித்தாள். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் யோசித்தாள். “அந்த நிமிஷம் அது என் நெனப்புலயே இல்ல. ஆனா தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஸ்கேன் நானும்தான் பாத்தேன்.”

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். நல்ல மனிதன். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும்.

“நான் அன்னைக்கு சிரிச்சிருக்கக் கூடாது” என்றான்.

“அதுக்காகச் சொல்லல.”

“தெரியுது. ஆனா சிரிச்சேன்.” பிறகு, “அப்பாகிட்ட சொல்லிடாத” என்றான்.

“சொல்லணும்னுதான் தோணுது. அவரு புகழுறதக் கேட்டுட்டு எப்படி அவரு எதிர்ல நிப்பேன்?”

“சொன்னா உனக்குப் பாரம் கொஞ்சம் எறங்கும். அவருக்கு ஏறும். நெஞ்சத் தொறந்து தச்சுப் போட்டிருக்குற மனுஷன். அவர் தலையில இதையும் வைக்காத.” எழுந்து நின்றான். “எங்கிட்ட சொல்லிட்டல்ல? போதும். எனக்கும் இத முழுங்கக் கொஞ்சம் நாளாகும். இப்ப எதுவும் கேக்காத.”

தோளைத் தொடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தொடவில்லை. அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

அப்போது பின்கட்டுப் படிகளில் நாத்தனார் இறங்கி வந்தாள். காலையிலிருந்து அழுத முகத்தில் இப்போது சிரிப்பு இருந்தது.

“ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? அண்ணி, அப்பா பண்ற கூத்தக் கேட்டீங்களா? ஆபரேஷன் நடக்குறப்ப அவருக்கு ஒரு குரல் கேட்டுச்சாம். பொம்பளக் குரலாம். ‘போயிடலாம், போயிடலாம்’னு கூப்பிட்டுச்சாம்.”

கணவன் சட்டென்று மனைவியைப் பார்த்தான்.

“செத்துப்போன நம்ம அம்மாதான் வந்து கூப்பிட்டுட்டுப் போனாங்களாம். ‘உங்கம்மா வந்தா, நான் வரலன்னு சொல்லிட்டேன்’ங்குறாரு.” நாத்தனார் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “மயக்க மருந்துல அப்படி ஏதாவது தோணும்னு நர்ஸ் சொல்றாங்க. அவரு கேட்டாத்தானே? கொஞ்ச நேரமா ஒரே யோசன. ‘அவ ஆசையா கூப்பிட்டா, நான் வரமாட்டேன்னு சொன்னதுல கோச்சுக்கிட்டாளோ’ன்னு கண்ணெல்லாம் கலங்குது. அண்ணிய வரச்சொல்லு, உள்ள என்ன நடந்துச்சுன்னு அவளுக்குத்தான் தெரியும்னு பிடிவாதம்.”

“நான் போய்ப் பேசிக்கிறேன்” என்றான் கணவன்.

“வேணாங்க. என்னத்தானே வரச்சொன்னாரு?”

“என்ன சொல்லப் போற?”

நாத்தனார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சிரிப்பு குறைந்தது. “என்ன அண்ணா? ஏன் ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கீங்க?”

அவன் தங்கைக்கு என்ன பதில் சொன்னான் என்பது மருமகளின் காதில் விழவில்லை. அவள் படியேறிக்கொண்டிருந்தாள்.

*

பக்கத்துக் கட்டிலுக்குத் திரை போட்டிருந்தார்கள். டிரைவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். காலையில் ஸ்ட்ரெச்சரில் போனவரை விடச் சின்னதாகத் தெரிந்தார். கன்னத்தில் ஈரம் காய்ந்த தடம் இருந்தது. பஸ்ஸில் ஏறுகிறவர்களை அதட்டியே பழகிய வாய், உலர்ந்துபோய் லேசாகத் திறந்திருந்தது.

“மாமா.”

“வந்துட்டியா? உக்காரு.” கண்ணைத் திறக்கவில்லை. “உங்க அத்த வந்தாம்மா. கிட்டவே நின்னு கூப்பிட்டா. எத்தன வருஷமாச்சு அவ குரலக் கேட்டு. நான்தான் மடையன், வரலன்னுட்டேன்.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அவ கோச்சுக்கிட்டுத்தானே போயிருப்பா?”

இல்லை மாமா, சந்தோஷமாகத்தான் போயிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவர் நிம்மதியாகத் தூங்குவார். கணவன் சொன்னபடியும் ஆகும். சொல்லக்கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டதில் நியாயம் இருந்தது. ஆனால் செத்துப்போன அந்த மனுஷியின் பெயரில், தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டு இனி இருக்கிற காலமெல்லாம் உருகுவார். கோடித் துணி போலப் பத்திரமாக வைத்துக்கொள்வார். தினமும் அதை அவள் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் வளைய வர வேண்டும்.

டிரைவர் கையை நீட்டித் துழாவினார். அவள் விரல்கள் அகப்பட்டன. பிடித்துக்கொண்டார்.

“ஏதாவது சொல்லும்மா. சும்மா இருக்காத.”

“மாமா” என்றாள் அவள். “அது அத்த இல்ல.”